வெட்ட வேண்டிய பதினோரு விநாடி

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். நீயும் அவ்வாறே இருப்பாய். அடுத்தவனுக்கு யோசனை சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவனுக்கு என்ன குறை?

கல்யாண வரவேற்பில் சம்பந்தி மைக்கைப் பிடித்து நாற்பது நிமிடம் பேசினாரல்லவா? அப்போது கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற உன் அக்கா, "யாராவது அந்த மைக்கைப் பிடுங்குங்களேன். இந்த மனுஷன் முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்கு அறுபது வயசாயிடும்" என்றது தெள்ளத்தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மொத்தம் பதினோரு விநாடி. வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று சம்பந்தி தினமும் கேட்கிறார். இது அவர் காதில் விழுந்தால் நம் பெண் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? வீடியோக்காரரிடம் வெட்டச் சொல்லலாமென்றால் அவர் சம்பந்திக்குச் சொந்தம். நீதான், "வீட்டிலேயே வெட்டிக்கங்க அத்தான், சுலபமான சாஃப்ட்வேர் எவ்வளவோ இருக்கு, குழந்தைகூடச் செய்யும்" என்றாய்.

முதல் சாஃப்ட்வேர் இலவசம். வெட்டிக் கொடுத்தது, கையோடு தன் பெயரை மணமக்கள் நெற்றியில் கொட்டை எழுத்தில் அச்சடித்தும் கொடுத்தது. இரண்டாவதில் எழுபது பட்டன். எதை அமுக்கினேனோ, சம்பந்தி தலைகீழாக நின்று பேசினார். உன் அக்கா, "இது நல்லாத்தானே இருக்கு, இப்படியே அனுப்பிடுங்க" என்றாள். மூன்றாவது, நீ அடித்துச் சொன்ன ஒரே பட்டன் சாஃப்ட்வேர். முழு வீடியோவிலிருந்து நல்ல காட்சியை அதுவே பொறுக்குமாம். பொறுக்கியது மகராசன், அதே பதினோரு விநாடியை! பின்னணியில் வயலின் வேறு. ஏம்ப்பா, அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?

"நாற்பது வருஷம் துணி வெட்டினவருக்கு இதை வெட்டத் தெரியலையா?" என்றாள் உன் அக்கா. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தையற்கடையில் கட்டிங் மாஸ்டர் என்று பெயரெடுத்தவனைப் பார்த்தா இந்தக் கேள்வி? நான்காவதாக ஒன்றை இறக்கினேன். அதில் இரண்டே கோடு, ஒரு கத்தரிக்கோல் படம். அந்தப் பதினோரு விநாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, ஒரே வெட்டு. நேற்று மாலையே சம்பந்தி வீட்டுக் குடும்ப குரூப்பில் அனுப்பிவிட்டேன். திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. வெட்டிய துணியை நான் என்றைக்கு மறுபடி அளந்தேன்? ஆகவே இனி உன் யோசனை தேவையில்லை. நம் பெண் மானம் பிழைத்தது.

நீயும் பிள்ளைகளும் எந்தச் சாஃப்ட்வேரும் அண்டாமல் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கும்,

அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். துணியில் கோட்டுக்கு உள்ளே இருப்பதுதானே சட்டை, வெளியே இருப்பது கழிவு? பாழாய்ப்போன சாஃப்ட்வேரும் அப்படியே வெட்டியிருக்கிறது. குரூப்புக்குப் போனது அந்தப் பதினோரு விநாடி மட்டும்தான். போனிலேயே அழுதுவிட்டேன். "அழாதீங்கப்பா" என்றாள் மகள். நேற்று மாலையிலிருந்து சம்பந்தி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். முப்பது வருஷத்தில் வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்று சம்பந்தியம்மா உன் அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னாராம்.