முதுகால் போட்ட கோல்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் இப்போதே கொட்டிப்போகட்டும்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பட்டப்பெயர் நத்தை. ஓடினால் அவள் காலே அவளைத் தடுக்கிவிடும். அதில் அவளுக்கு வருத்தமொன்றும் இல்லை. ஆறாம் வகுப்புக்குப் போனால் நூலகத்தில் புத்தகம் எடுக்க விடுவார்கள். அவளுக்கு அது போதும்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்து சேர்ந்தது: ‘குழந்தைகளின் ஒட்டுமொத்த நலன் கருதி, கால்பந்தில் ஒரு கோலாவது போடாதவர்கள் மேல்வகுப்புக்குத் தகுதியற்றவர்களாகக் கருதப்படுவர்.’

பள்ளியில் பந்து இருந்தது. தலைமையாசிரியர் அறையில், கண்ணாடி அலமாரியில், பூட்டுக்குள். உதைத்தால் தேயும், தேய்ந்தால் விளக்கம் கேட்பார்கள். ஆகவே பயிற்சி பந்தில்லாமலே நடந்தது. விளையாட்டு வாத்தியார் விசில் ஊதுவார். பிள்ளைகள் காற்றை உதைப்பார்கள். காற்று கோலுக்குள் போயிற்றா என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்வார். நத்தை உதைத்த காற்று மட்டும் எப்போதும் வெளியே போயிற்று.

அவள் அம்மா தையல்காரி. மெஷினை மிதித்தபடியே கெஞ்சினாள்.

“ஒரே ஒரு கோல் போட்டுடுடி தங்கம். அப்புறம் ஜென்மத்துக்கும் பந்தைத் தொட வேணாம்.”

“தொடறதுக்குப் பந்து எங்கம்மா இருக்கு?”

தேர்வு நாளில் கல்வி அதிகாரியே வந்தார். அவர் கௌரவத்தை முன்னிட்டுப் பந்து வெளியே வந்தது. முதல் உதையும் அவருடையதே. உருண்டையாக ஒன்று நிஜமாகவே பாய்ந்து வருவதைக் கண்டதும் பிள்ளைகள் மைதானத்தை விட்டே தெறித்து ஓடினார்கள். நத்தையால் ஓட முடியவில்லை. முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டாள். பந்து முதுகில் மோதி, பக்கத்திலிருந்த கோலுக்குள் விழுந்தது.

வாத்தியார் தலையைச் சொறிந்தார். “அது அவளோட சொந்தப் பக்கத்துக் கோல் சார்.”

“எந்தப் பக்கம்னு உத்தரவுல இருக்கா?” என்றார் அதிகாரி.

“இல்லீங்க சார்.”

“முதுகால போடக் கூடாதுன்னு?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்ப பாஸ்.”

மற்ற அத்தனை பேரும் ஃபெயில்.

அடுத்த வாரமே ‘முதுகு முறை’ கட்டாயமாயிற்று. தெருவுக்குத் தெரு குனியும் வகுப்பு முளைத்தது. என் பையனுக்கு இப்பவே நல்ல கூன் விழுந்திருக்கு என்று அப்பாக்கள் பெருமை பேசினார்கள். முதுகில் பஞ்சு வைத்த சட்டைதான் நாகரிகம் என்றானது. தைத்துத் தைத்து நத்தையின் அம்மாவுக்கு விரல் வீங்கியது.

சாயங்காலமானால் ஊரே மைதானத்தில் குனிந்து நிற்கும். ஆறாம் வகுப்புக்குப் போன நத்தை ஒருநாள் புத்தகத்தோடு திரும்பும்போது தலைமையாசிரியர் அறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பந்து பழையபடி அலமாரியில் இருந்தது. தேர்வு முடிந்த அன்றே பூட்டிவிட்டார்களாம். எல்லாரும் திரும்பி நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

ஓடாத பெண் அன்றைக்கு வீட்டுக்கு ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்டு அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“வாயை மூடிக்கிட்டுப் படிடி. இன்னும் தைக்க வேண்டிய சட்டை மலையா கிடக்கு.”

உங்களிடம்தான் சொன்னேன். நான் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதீர்கள். முதியோர் பிரிவில் நானும் குனிந்துதான் நிற்கிறேன்; ஒருவேளை பந்து வந்துவிட்டால்?