டைரக்டருக்குத் தெளித்த அத்தர்

அரைகுறைப் படிப்பைப்போல ஆளைக் கவிழ்ப்பது வேறொன்றும் இல்லை. முழு முட்டாள் வாயை மூடிக்கொண்டு பிழைத்துக்கொள்வான். நானோ மிஷன் பள்ளிப் பாதிரியாரிடம் ஒரே ஒரு லத்தீன் சொல்லின் வம்சத்தைக் கற்றுக்கொண்டு வந்தவன். கம்பெனியை நடத்துகிறவர் இங்கிலீஷில் டைரக்டர், பிரெஞ்சில் திரெக்தேர், ஜெர்மனில் திரெக்டோர், இத்தாலியில் திரெத்தோரே. (அதற்கு மேல் அந்தப் பாஷைகளில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.)

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தேன். குடியாத்தத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். “பையன் மேனேஜரு ஆவட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்” என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, தோல் வாங்க ஜெர்மனியிலிருந்து ஒரு கம்பெனி டைரக்டர் வருவதாகச் சேதி வந்தது.

“அவங்க பாஷை எனக்குத் தெரியும் பாய்” என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன்.

“நெசமாவா? ஆர்டர் கெடைச்சா நீதான் மேனேஜரு!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய டைரக்டர் இந்த நாற்றத்திலா வந்து நிற்பது? ரோஜா அத்தர் வாங்கித் தண்ணீரில் கலந்து, அடுக்கியிருந்த தோல்கள்மேல் எல்லாம் தெளித்தேன். மிச்சம் இருந்த குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜெர்மன் துரை வந்தார். “திரெக்டோர்!” என்று கும்பிட்டேன். மனிதர் முகம் மலர்ந்து ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். நான் எல்லாவற்றுக்கும் “திரெக்டோர், திரெக்டோர்” என்று தலையாட்டினேன். முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு துரை ஒரு தோலை எடுத்து முகர்ந்தார். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலின் பக்குவம் வாசனையிலேயே தெரிந்துவிடும். வாங்க வருகிறவர்கள் முகர்ந்துதான் பார்ப்பார்கள். உள்ளே உட்கார்ந்து பேனா பிடித்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இன்னொரு தோலையும் முகர்ந்தார். முகம் சிவக்க ஏதோ கத்தினார். நான் பயபக்தியோடு “திரெக்டோர்” என்று குனிந்தேன். பையிலிருந்த குப்பி திறந்து அத்தர் பூராவும் என் மேலேயே கொட்டியது.

கூட வந்த மதராஸ் ஏஜெண்டு முதலாளியிடம் சொன்னார்: “அழுகின தோலை மறைக்கத்தான் அத்தர் போட்டீங்களான்னு கேக்கறார் பாய்.”

ஆர்டர் தராமலே துரை வண்டியேறிவிட்டார்.

“இன்னாப்பா இது பேஜாரு! இன்னும் எத்தினி பாஷை தெரியும் உனக்கு?” என்றார் முதலாளி. குமாஸ்தா வேலையை மட்டும் விட்டுவைத்தார், புண்ணியவான். மேனேஜர் வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் விசாரிக்க வந்தார்கள். எத்தனை தேய்த்துக் குளித்தும் என்மேல் அத்தர் போகவில்லை. பெண்ணின் அம்மா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்:

“தோல் ஷாப்புல வேலை செய்றவருன்னா கிட்டவே நிக்க முடியாதுன்னு பயந்துனு இருந்தேன். மாப்ள கமகமன்னு இல்ல கீறாரு! மேனேஜரு கெடக்கட்டும், தட்டை மாத்து.”

கல்யாணம் ஆன ஒரு வாரத்தில் என் மனைவிக்கு உண்மை மூக்கில் ஏறிவிட்டது. இன்றைக்கும் நான் வேலை முடிந்து வாசலில் கால் வைத்தால் போதும், உள்ளிருந்து எங்கள் மகளிடம் அவள் சொல்வது கேட்கும்:

“திரெக்டோர் வந்துட்டாரு. சட்டையை வெளியவே கழட்டிட்டு வரச் சொல்லு!”