ஓரக் கட்டத்தில் மாறிய நட்சத்திரம்

செஞ்சி
5-12-1988

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தனசேகரன் அவர்களுக்கு, மாமனார் விநாயகம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியாரும், ஏழு மாத வயிற்றோடு விருத்தாம்பாளும் சுகம். மெட்ராசில் உங்கள் சுகத்துக்கும் சிங்கவரம் ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். சுகம் இத்தோடு முடிந்தது.

ஆடிக்கு வந்தபோது எங்கள் விவசாய ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதிக்கொடுத்தீர்களே, வேர்க்கடலை விளைச்சலைக் குறி குறியாகப் படம் அச்சடிக்கும் ப்ரோகிராம், அதில்தான் வந்தது வினை. சிங்கவரத்துக்கு நட்சத்திரம், அவலூர்பேட்டைக்குக் கூட்டல் குறி, பனமலைக்கு வட்டம் என்று நீங்கள் பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். போன வாரம் பனமலை விவசாயிகள் சங்கத் தலைவர் பச்சமுத்து வந்து காகிதத்தைப் பார்த்தார். "இன்னா சார், எங்க ஊருக்கு மட்டும் முட்டையா? நாங்க இன்னா பரீட்சையில பெயிலா?" என்று மேசையைத் தட்டினார். குறியை மாற்றினால் விளைச்சலா மாறிவிடப்போகிறது, சிங்கவரம் நம்ம சம்பந்தி ஊர்தானே என்று நானும், எந்தக் குறி எந்த ஊர் என்று ஓரத்தில் ஒரு கட்டம் வருமே, அதற்கான 410-ஆம் வரியைத் திறந்து, பனமலைக்கு நட்சத்திரமும் சிங்கவரத்துக்கு வட்டமும் கொடுத்தேன். படத்துக்குள் குறி போடுவது 560-ஆம் வரியாம், அது தனியாம், அதையும் மாற்ற வேண்டுமாம்! இதை ஏன் மாப்பிள்ளை முன்னாலேயே சொல்லவில்லை? ஓரத்தில் ஊர் மாறிற்று, உள்ளே சிங்கவரத்துக் கடலை பழையபடி நட்சத்திரமாகவே உச்சியிலும், பனமலைக் கடலை வட்டமாகவே அடியிலும் நின்றன, பெரிய அதிகாரி பார்த்தார், பனமலைதான் முதல் என்று விவசாயிகள் விழா மேடையில் பச்சமுத்துவுக்குக் கேடயத்தைக் கொடுத்துவிட்டார்.

முன்வரிசையில் யார்? சிங்கவரம் சங்கத் தலைவர், உங்கள் அப்பா, என் சம்பந்தி இளையபெருமாள். கேடயம் தனக்குத்தான் என்று புதுவேட்டி கட்டி வந்திருந்தார். நேராக நம் வீட்டுக்கு வந்தார், காபியைத் தொடவில்லை. "சம்பந்தின்னும் பாக்காம என் ஊர கவுத்துட்டியே! ஞாயித்துக்கெழம வளகாப்புக்கு எங்க வூட்டு ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க!" செருப்பை மாட்டிக்கொண்டு போயேவிட்டார். விருத்தா அழுது அழுது கண் வீங்கிக் கிடக்கிறாள். உங்கள் மாமியார் பார்க்கிற பார்வையில் எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குது. ஆகையால் மாப்பிள்ளை, கோபிக்காமல் அப்பாவுக்கு உடனே ஒரு தந்தி அடியுங்கள்: தப்பு முழுக்க ப்ரோகிராம் எழுதியவனுடையது, மாமா ஒன்றும் அறியாதவர் என்று. பெற்ற பிள்ளையை எத்தனை நாள்தான் கோபிப்பார்?

வேளாவேளைக்குச் சாப்பிடவும். பிறக்கிற பிள்ளை இரண்டு தாத்தா மடியிலும் உட்கார வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
விநாயகம்

பி.கு.: தந்தி வேண்டாம்! சம்பந்தி இப்போதுதான் வந்து இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போகிறார். அதே படத்தைப் பார்த்து, விளைச்சலில் கடைசி ஊர் சிங்கவரம் என்று, இலவச விதைக்கடலை முழுவதையும் அங்கேயே கொடுக்கப்போகிறார்களாம். "அந்த ஐநூத்தி அறுபதாவது வரிய எவனும் தொடக்கூடாது" என்று சம்பந்தி உத்தரவு. ஞாயிறு குடும்பத்தோடு வருகிறார். யோசனை என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பச்சமுத்துதான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார், பனமலைக்குப் பழைய முட்டையும் விதைக்கடலையுமே போதுமாம். குறியை மாற்றியது நீங்கள்தான் என்று சொல்லி, உங்கள் மெட்ராஸ் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.