தாங்கள் கடைந்து தந்த கிண்ணம் குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். கடிதத்தின் மீதியைப் படிக்கும்போதும் இந்த முதல் வரியைத் தாங்கள் மறக்காமல் இருக்க வேண்டுகிறேன். தங்கள் நலமும் தங்கள் வீட்டு அம்மாளின் நலமும் அறிய ஆவல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு தாங்கள் சொந்தக் கையால் கடைந்து, கருஞ்சிவப்புச் சாயம் பூசித் தந்த மரக்கிண்ணம் அன்று மேசைமேல் இருக்கும். ஆனால் வேறு நிறத்தில் இருக்கும். தாங்கள் அதைப் பார்ப்பீர்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பீர்கள். என் முகத்துக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். இக்கடிதம் பற்றித் தங்கள் மகளுக்குத் தெரியாது. "அப்பாகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது மாமா. மனசு ஒடஞ்சு போயிடுவாரு. அப்புறம் உளியைத் தொடவே மாட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். என் அச்சமும் அதுவே.

நடந்தது இது. ஒரு நாள் மதியம் கிண்ணத்தில் தயிர் வைத்தோம். அரை மணியில் தயிரின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். தங்கள் மாப்பிள்ளை, அதாவது என் மகன், அதற்குள் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டான். "கலர் மாறினது தெரியலையாடா?" என்றேன். "ஏதோ புதுசா பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன்பா" என்றான். சாயத்தில் குறை என்று நான் சொல்லவில்லை. நாற்காலிக்கு அது மிகப் பொருத்தமான சாயம். தயிருக்குப் பொருந்துமா என்பதே என் ஐயம். நூலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பட்டியல் எழுதியவன் ஆதலால் மரவேலை பற்றி நான்கு புத்தகங்களைப் பார்த்தேன். நான்கும் நான்கு விதமாகச் சொன்னதால் வண்ணக்கடைக்காரரிடம் போனேன். அவர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல உட்காரப் போறீங்களா, சாப்பிடப் போறீங்களா?" என்றார். சம்பந்தி கொடுத்தது என்றேன். "அப்ப சாப்பிடவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது" என்று சொல்லி, மூன்று வகை உப்புத்தாளும் ஒரு குப்பி ஆளிவிதை எண்ணெயும் எடுத்து வைத்தார். சாயத்தை மொத்தமாகத் தேய்த்து எடுக்க வேண்டும், எண்ணெயை மெல்லிசாகப் பூசி மீதியைத் துடைக்க வேண்டும், வாசனை போகும்வரை காயவிட வேண்டும், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்றார். கடைசிச் செய்தியை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஐந்து நாள் தேய்த்தேன். அடியில் தாங்கள் "அன்புடன் அப்பா" என்று செதுக்கியிருந்ததை நான் கவனிக்கும்போது அப்பா போய்விட்டது. அன்பு பாதி இருக்கிறது. இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு மூன்று முறை எண்ணெய் பூசினேன். துணியைக் கொடியில் விரித்து, எதிரே நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீருடன் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து, "என்னங்க, என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன்? கிண்ணத்துக்கு மட்டும் மூணு தடவையா?" என்றாள். துணிக்குக் காவல் முடிந்ததும் தேய்த்துவிடுவதாகச் சொன்னேன். மூன்று வாரம் காய்ந்தபின், நான்கு வெள்ளைக் கைக்குட்டைகளுக்கு எண்ணிட்டு, ஒன்றை வெந்நீரிலும் ஒன்றை வினிகரிலும் ஒன்றைச் சூடான எண்ணெயிலும் நனைத்துக் கிண்ணத்தைத் துடைத்தேன். நான்காவது நெற்றியைத் துடைத்துக்கொள்ள. மூன்றாவதில் லேசாகச் சிவப்பு. மறுபடி உப்புத்தாள், மறுபடி எண்ணெய், மறுபடி துணிக்குக் காவல், மறுபடி மூன்று வாரம். கிண்ணம் சற்று மெலிந்துவிட்டது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டாம். இம்முறை எல்லாக் கைக்குட்டைகளும் வெளுப்பாகவே வந்தன. இருந்தாலும் மூன்று நாள் நான் மட்டும் அதில் தயிர் சாப்பிட்டுப் பார்த்தேன். வயிற்றில் ஏதோ இருந்தது. "அது பயம்" என்றாள் மனைவி.

ஆகவே, கிண்ணம் வெளிறியிருந்தாலும் அதில் நம்பிச் சாப்பிடலாம் என்பதை முழு உறுதியுடன், அதாவது பெரும்பாலும், தெரிவித்துக்கொள்கிறேன். வடிவம் தங்களுடையதே; அதில் எனக்குப் பங்கில்லை. தயவுசெய்து உளியை விட்டுவிடாதீர்கள்.

தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல செரிமானமும் என்றும் அமைய விழையும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையிலிடும்போது சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன். கிண்ணம் பழையபடி கருஞ்சிவப்பாக மேசைமேல் பளபளக்கிறது. வெளுத்த கிண்ணத்தைப் பார்த்தால் அப்பா தாங்கமாட்டார் என்று, தங்கள் மகள் தங்கள் வீட்டு அம்மாளிடம் ரகசியமாகக் கேட்டு அதே சாயத்தை வாங்கி இரண்டு பூச்சுப் பூசிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை அப்பா மொகத்தப் பாருங்க மாமா, எவ்ளோ சந்தோஷப்படுவாரு!" என்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும், கையிலெடுத்த உப்புத்தாளைத் திரும்ப வைத்துவிட்டேன். எனவே இக்கடிதத்தைப் படிக்காதவர் போலவே வாருங்கள். கிண்ணத்தைப் பார்த்து மகிழுங்கள். தயிர் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்; நானும் அதையே சொல்வதாக இருக்கிறேன்.