சபாவுக்குப் பக்கத்தில் நல்ல ஹோட்டல்

“ஏசி இருக்குன்னு நீங்களா எதுக்கு சார் வாயக் குடுத்தீங்க?” என்றாள் முத்துத்தாய், காப்பியை ஆற்றிக்கொண்டே.

ஹாலாஸ்யம் அவள் கடை பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். பாடகி பிரியம்வதா சென்னையிலிருந்து அனுப்பிய குரல் பதிவை, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு மூன்றாம் முறையாகக் கேட்டார்.

“ஐயோ, ஏசி வேண்டவே வேண்டாம். தொண்டை கட்டிக்கும். ஃபேன் போறும். நாலாவது மாடின்னு வேற சொல்றேள். நேக்கு முழங்கால் சரியில்லை. கீழேயே நல்ல ஹோட்டலா ஒண்ணு பாருங்கோ. சபாவுக்குப் பக்கத்துல, நடந்து போற தூரத்துல இருக்கட்டும். நாங்க நாலு பேர்.”

மதுரைத் தெப்பக்குளத்துக்கு ஒரு தெரு தள்ளி இருந்த சபாவுக்கு ஹாலாஸ்யம் கௌரவச் செயலாளர். மாநகராட்சியில் வரி வசூல் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் ஊரையே மிரட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாள் மனைவி ஜகதாம்பாள் அவர் கையில் பையைக் கொடுத்து, கொத்தமல்லி வாங்கிவர அனுப்பினாள். அன்றிலிருந்து உலகத்தில் அவரை ‘சார்’ என்று கூப்பிடும் இடம் சபா ஒன்றுதான். சபாவுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்ததால் முத்துத்தாயையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைப் பெயர்ப்பலகையில் என்னவோ பெரிதாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் அது ‘முத்துத்தாய் கடை’.

அந்த ‘சார்’ பட்டத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

போன வருடம் வந்த புல்லாங்குழல் வித்வானிடம், “உங்களுக்கு நல்ல லாட்ஜா பாத்திருக்கேன்” என்று ஹாலாஸ்யம் பெருமையோடு சொன்னார். “லாட்ஜா? நான் என்ன உரம் விற்க வந்தவனா?” என்று கேட்டுவிட்டு, வித்வான் வந்த ரயிலின் சூடு ஆறுவதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

சபாத் தலைவர் கிருஷ்ணபிரசாத் கண்டிப்பாகச் சொன்னார். “ஓய் ஹாலாஸ்யம், இனிமே லாட்ஜுங்கிற வார்த்தை உம்ம வாயில வரப்படாது. ஹோட்டல்! பெரிய மனுஷா எல்லாரும் ஹோட்டல்னுதான் சொல்லுவா. இந்தத் தடவையும் ஆர்ட்டிஸ்ட் முகம் சுளிச்சா, செக்ரட்டரி நாற்காலியில மாதங்கி உக்காருவா.”

மாதங்கி இணைச் செயலாளர். நாற்காலியின் அளவை ஏற்கெனவே கண்ணால் எடுத்து வைத்திருப்பவள்.

ஹாலாஸ்யம் ஒரு வருடம் பயிற்சி எடுத்தார். லாட்ஜ் என்று நினைப்பு வந்தாலே ஹோட்டல் என்று மனதுக்குள் மூன்று முறை திருத்திக்கொள்வார். பேருந்தில் போகும்போது கண்ணில் படும் லாட்ஜ்களை எல்லாம் ஹோட்டல் என்றே வாசித்தார். அப்படிப் பக்குவப்பட்டிருந்த நேரத்தில்தான், “சபாவுக்குப் பக்கத்துல நல்ல ஹோட்டல் இருக்கோ?” என்று பிரியம்வதாவின் முதல் செய்தி வந்தது. பெரிய மனுஷி. தலைவர் சொன்னது எவ்வளவு சரி!

“பெரிய பெரிய ஹோட்டலாத்தான் பாக்குறீங்க. பாருங்க, பாருங்க” என்று டம்ளரைச் சற்று ஓசையோடு வைத்தாள் முத்துத்தாய். ஹாலாஸ்யம் அதைக் கவனிக்கவில்லை. நாலாவது மாடியை ரத்து செய்யக் கிளம்பிவிட்டார்.

இரண்டாவதாக அகப்பட்டது தரைத்தளம். ஃபேன் சுற்றியது. மண்டியில் புளியை அமுக்கிப் பார்ப்பதுபோல மெத்தையை அமுக்கிப் பார்த்தார். தரம் தேவலை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கறி சுக்கா வதங்கிக்கொண்டிருந்தது. சரக்கின் குறையை விற்பவனே சொல்லும் வழக்கம் ஊரில் யாருக்கும் கிடையாது. ஹாலாஸ்யத்துக்கு இருந்தது. பிரியம்வதாவிடம் சொல்லிவிட்டார்.

பதில் உடனே வந்தது. “சிவ சிவா! கவுச்சி வாசனை பக்கத்துலயே வரப்படாது. அப்புறம், வெந்நீர் கட்டாயம் வேணும். கூட்டம் இல்லாம, ஜன்னலோரமா, ஒரு மணி நேரம் நிம்மதியா உக்காரணும். மத்தியானம் மூணு மணிக்குப் போனாத் தருவாளோன்னு கேட்டு வையுங்கோ. முக்கியமா, பழசு மட்டும் வேண்டாம். ஒத்துக்காது.”

கச்சேரி அழைப்பிதழின் பின்புறத்தில் ஹாலாஸ்யம் பட்டியல் போட்டார். ஜகதாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

“நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறச்சே இதுல பாதி கேட்டேளா?”

“அப்பவும் லிஸ்ட் போட்டேன்டி.”

“போட்டேள். மாப்பிள்ளையைப் பத்திக் கவலையே படாம, அவருக்கு ஃபேன் மட்டும் வாங்கிக் குடுத்தேள்.”

மூன்றாவது இடம் கருப்பு என்பவன் நடத்தும் தெப்பம் லாட்ஜ். சபா வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் எண்ணி நூறு அடி. கீழே ஒரு பெரிய அறை, ஃபேன், ஜன்னல். கவுச்சி கிடையாது. குறை ஒன்றே ஒன்று. கட்டடம் பழசு.

“பழசு ஒத்துக்காதுங்கறா, கருப்பு.”

“அதுக்கென்ன சார், சுண்ணாம்பு அடிச்சாப் புதுசு” என்றான் கருப்பு.

அடித்தான். வாடை மூக்கைத் துளைத்தது. இதில் ஒரு மூச்சு இழுத்தால் பாடகிக்கு சரிகமவில் ‘ச’ கூட மிஞ்சாது என்று ஹாலாஸ்யம் பதறினார். வாடை போக இரண்டு நாள் சாம்பிராணி போட்டார்கள். வாடை போயிற்று. சுவர் புகையேறி, முன்னைவிடப் பத்து வருடம் பழசாகிவிட்டது.

“திரும்ப அடிக்கவா?”

“சுவரைத் தொட்டே, உன்னைத் தொலைச்சுடுவேன். வெந்நீர்?”

“ஹீட்டர் மாடியில மட்டுந்தான் சார். கொல்லையில அண்டா வச்சு வெறகு எரிச்சிருவோம். எம்புட்டு வேணும்?”

“நாலு பேருக்கு.”

“யானையவே குளிப்பாட்டலாம், வாங்க.”

கச்சேரிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, அந்தக் கருப்பே தலையைச் சொறிந்துகொண்டு சபா வாசலில் நின்றான். வாடிப்பட்டி ஆண்டிச்சாமி தன் மகள் கல்யாண வரவேற்புக்காக ஆறு மாதம் முன்பே மொத்த லாட்ஜையும் பேசி வைத்திருந்தாராம். இவனுக்கு மறந்துபோயிற்றாம்.

ஹாலாஸ்யம் ஓடினார். லாட்ஜ் வாசலில் ஆண்டிச்சாமி வாழைத்தாரை இறக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கீழ இருக்கிற ஒரே ஒரு ரூமை மட்டும் விட்டுக் குடுங்கோ. பாடகி வர்றா. முழங்கால் வலி.”

“எங்க சம்பந்தியம்மாவுக்கும் முழங்காலுதான். ஒங்க பாடகி கோவிச்சா ஒரு கச்சேரி போகும். எங்க சம்பந்தி கோவிச்சா எம் மக பொழப்புல்ல போகும்?”

“வேற என்ன வேணும்னாலும் கேளுங்கோ.”

சொன்னவுடனே ஹாலாஸ்யம் நாக்கைக் கடித்துக்கொண்டார். வியாபாரத்தில் சொல்லக் கூடாத வாக்கியம் அது ஒன்றுதான். ஆண்டிச்சாமி வாழைத்தாரை நிதானமாகக் கீழே வைத்தார்.

“ஒங்க சபாவுல முன்வரிசையில ஒரு செவப்பு சோபா கெடக்குமே. பொண்ணு மாப்ள ஒக்கார வந்த சோபா அம்புட்டும் கிழிசல். அதக் குடுங்க. சம்பந்தியம்மாவ நான் எங்க மச்சான் வீட்டுல தங்க வச்சுக்கிறேன்.”

அந்தச் சிவப்பு சோபா தலைவர் கிருஷ்ணபிரசாத்துடையது. அவர் அதில் உட்கார்ந்து தூங்கினால்தான் கச்சேரி நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பிறகு பிரியம்வதாவுக்குச் செய்தி அனுப்பினார். ‘எல்லாம் தயார். சபாவுக்கு எதிர்ப்புறம், பக்கத்திலேயே. கீழே. ஃபேன். ஜன்னல். வெந்நீர். சைவம். மூணு மணிக்குத் தருவார்கள்.’ இடத்தின் பெயரை மட்டும் போடவில்லை. தெப்பம் என்று அடித்தவுடன் அடுத்த வார்த்தையைப் போட விரல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கையில் சாவியும் தோளில் சால்வையுமாக ஹாலாஸ்யம் லாட்ஜ் வாசலில் நின்றார். கொல்லையில் அண்டா கொதித்தது. மூன்றரை. நாலு. கல்யாண வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைத்து இரண்டு முறை சந்தனம் கொடுத்தார்கள். பிரியம்வதா கைபேசியை எடுக்கவில்லை. நாலரைக்குத் தலைவரின் அழைப்பு வந்தது.

“ஓய்! என் சோபா எங்கே?”

ஹாலாஸ்யம் ஓடினார். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பளபளத்தது. அதைக் கரப்பான்பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு தலைவர் நின்றார். பக்கத்தில் மாதங்கி நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தாள்.

“சோபா வாடிப்பட்டிக்காரருக்கு… அதாவது, ஒரு நல்ல காரியத்துக்கு…”

“ஆர்ட்டிஸ்ட் எங்கே?”

“அவா…”

“நமஸ்காரம்!” என்று வாசலில் குரல் கேட்டது. பிரியம்வதா பக்கவாத்தியக்காரர்கள் மூவரோடு, முகமெல்லாம் மலர்ந்து, நடந்தே உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“பிரசிடெண்ட் சார், உங்க செக்ரட்டரியை நேக்குக் குடுத்துடுங்கோ! ஹோட்டல்னா இதுன்னா ஹோட்டல்! கேட்ட மாதிரியே கீழ, ஃபேனுக்கு நேரா, ஜன்னலோரம். கூட்டமே இல்லை. எல்லாம் புதுசு. வெந்நீர்கூடக் கேக்கறதுக்கு முன்னாடியே வந்துடுத்து. இருபது வருஷமா எத்தனையோ சபாவுக்குப் போறேன், இப்படி ஒரு செக்ரட்டரியைப் பாத்ததில்லை.”

தலைவரின் முகம் மெதுவாக அவிழ்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தார். “நம்ம ஹாலாஸ்யம் சார் எப்பவும் அப்படித்தான்” என்றார். மாதங்கி நோட்டை மூடினாள்.

ஹாலாஸ்யம் சிரித்தார். கையைப் பிரித்துப் பார்த்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது. அறையின் பூட்டு இன்னும் திறக்கப்படவே இல்லை.

கச்சேரி தொடங்கியது. தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே முதல் பாட்டிலேயே தூங்கினார். ஹாலாஸ்யத்துக்குத்தான் மனது நிலைகொள்ளவில்லை. பக்கவாட்டுக் கதவருகே, மேடைக்கென்று தன் கடை ஃபிளாஸ்க்கில் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு முத்துத்தாய் வருவதைப் பார்த்தார்.

“முத்துத்தாய், நீ எங்க இங்க? அது கிடக்கட்டும், நாள் பூரா எதிர்க்கவே இருக்கியே, நீ பாத்திருப்பே. இந்த அம்மா எந்த ஹோட்டல்ல தங்கினா?”

முத்துத்தாய் ஃபிளாஸ்க்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தங்குறதுக்கு அவுகளுக்கு வில்லாபுரத்துல கூடப்பொறந்த அக்கா வீடு இருக்காம் சார், மதுரையில பொறந்துட்டு இதக்கூடவா கேப்பீக, ஹோட்டலு கேட்டது இட்லி திங்கிறதுக்குல்ல!”