மாமாவின் இதயம் எந்தப் பக்கம்?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தான் எழுதியதில் தப்பில்லை என்று தெரிந்துவிட்டால், தப்பு உலகத்தில்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். எனக்கு அது முற்றியது, என் மாமனாரின் குடலிறக்க ஆபரேஷனுக்கு முந்தைய நாள்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் டைகாம் என்றொரு வடிவத்தில் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு படத்திருத்தச் செயலியில் அதைத் திறக்க வைக்கிறேன் என்று, சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். (சம்பளம் கிடையாது. அதனால் பெருமை இரண்டு மடங்கு.) என்னிடம் இருந்த சோதனைப் படங்கள் எல்லாம் முழங்காலும் மணிக்கட்டும்தான்.

மாமா மில்லில் வேலை பார்த்தவர். எங்களுடையது காதல் கல்யாணம் என்பதால் "வாங்க", "சாப்டுங்க" தவிர மூன்றாவது வார்த்தை என்னிடம் பேசியதில்லை. அவரிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட்டால் வழியில்லை என்று, ஆபரேஷனுக்காக எடுத்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மார்பு எக்ஸ்ரே சிடியை, உப்பளத்தில் இருக்கும் அவர் வீட்டில் எல்லோர் முன்னாலும் போட்டேன்.

மார்பு பளிச்சென்று வந்தது. "இதோ இதயம்" என்று விரல் வைத்தேன். விரல் திரையின் வலப்பக்கத்தில் நின்றது.

"இடப்பக்கந்தான இருக்கணும்?" என்றாள் என் மனைவி கவிதா.

நான் எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன். தப்பில்லை. முழங்காலைத் திறந்தேன். அதுவும் சரி. பெரிய விஞ்ஞானி மாதிரி அறிவித்தேன்: "என் புரோகிராம் கரெக்ட்டு. மாமாவுக்குத்தான் இதயம் மாறி இருக்குது."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அதான் இத்தினி வருஷமா நான் சொன்னது எதுவும் இந்த மனுஷன் நெஞ்சுல ஏறலையா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். "ஆபரேஷன் வேணாம். அது எங்க இருக்குதோ அங்கியே இருந்துட்டுப் போவட்டும். யாரும் கை வெக்க வேணாம்."

வலியில் குனியக்கூட முடியாத மனிதர். பல மாதம் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்ததை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன். கவிதா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் இந்தக் கட்டுரையைக் குழந்தைகள் படிக்க முடியாது.

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடலாம்" என்று மறுநாள் காலையில் எப்படியோ அழைத்துப்போனோம். டாக்டரம்மா நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"தம்பி, மாமாவுக்கு எதிர்ல நில்லுங்க. அவரு நெஞ்சுல இடப்பக்கம் கை வைங்க."

வைத்தேன்.

"அது உங்களுக்கு இடப்பக்கம். அவருக்கு?"

என் கை மெதுவாக மறுபக்கம் நகர்ந்தது.

"எக்ஸ்ரேலயும் அப்படித்தான். அவரு உங்களப் பாத்துதான் நிக்கிறாரு."

என் உள்ளங்கைக்குக் கீழே மாமாவின் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் உளறிய ஒரு வார்த்தைக்கு இந்த மனிதர் ராத்திரியெல்லாம் இப்படிப் பயந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க மாமா" என்றேன்.

அவர் என் கையை எடுத்துவிடவில்லை. "பரவால்ல மாப்ள, வந்தது வந்துட்டோம், ஆபரேஷன முடிச்சிட்டே போயிடலாம்" என்றார். அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் எழுதிய பகுதியும் அந்தச் செயலியில் சேர்ந்தது. மார்புப் படம் திறந்தால் கீழே ஒரு வரி வரும்: "படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார்."

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா என் தோளில் கை போட்டுத்தான் அறிமுகப்படுத்துகிறார்: "எங்க மாப்ள. என் நெஞ்சுல எடம் தேடி ரெண்டு பக்கமும் பாத்தவரு."