முழங்காலில் தொங்கிய கேமரா

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் என் அருமை மச்சினன் கந்தவேல் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

நல்லூரிலிருந்து அக்காள் புருஷன் பொங்கியண்ணன் எழுதுவது. இங்கே உன் அக்காள் அன்புசெல்வி நலம், மகள் தேஜஸ்ரீ நலம், என் கழுத்தும் முழங்காலும் நலமில்லை. உன் மெஷின்கள் நலமாகவே இருக்கும். அவை நீ தைத்த பட்டையை மாட்டிக்கொண்டு மலையேறவில்லையே!

நான் கேட்டது என்ன? ரிட்டயர் ஆனபின் பறவைகளைப் படமெடுக்கிறேன், லென்ஸோடு கேமரா இரண்டரைக் கிலோ, கூட வந்த பட்டை கழுத்தை அறுக்கிறது, மலையேற வாகாக ஒன்று தைத்துக் கொடு என்றேன். "ஏனுங்க மாமா, பனியன் துணியாட்டம் இதமா வேற என்ன இருக்குதுங்க? இழுத்தா நீளுற லைக்ரா நூலும் போட்டுத் தெச்சுடலாமுங்க" என்றாய். இதம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வால்பாறையில் வண்டியை விட்டு இறங்கும்போது நெஞ்சில் இருந்த கேமரா, முதல் வளைவில் தொப்புளுக்கு வந்தது, அரை மணி நேரத்தில் முழங்காலுக்கு இறங்கியது, நான் ஓர் எட்டு வைத்தால் அது இரண்டு முறை குதித்தது. வழிகாட்டி ராஜ்கமல் பின்னால் வந்தவர்களிடம், "கொஞ்சம் தள்ளியே வாங்க, ஐயாவோட கேமரா வீசுது" என்று எச்சரித்தான். வேறு வழியில்லாமல் துண்டை எடுத்துக் கேமராவை வயிற்றோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டேன். மூன்று வருடமாக நான் தேடிய இருவாச்சிப் பறவை அப்போதுதானா வரவேண்டும்? இருபதடி தூரத்தில், அத்திமரத்தில் உட்கார்ந்து சாவகாசமாகப் பழம் தின்றது. கூட வந்த பதினோரு பேரும் படமெடுத்தார்கள், நான் முடிச்சு அவிழ்த்தேன். மூன்றாவது முடிச்சு அவிழ்ந்தபோது மரம் மட்டும் இருந்தது. அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை, மறைப்பானேன்? வீட்டில் வந்து பார்த்தால், ஆடின ஆட்டத்தில் கேமரா தானாகவே நாற்பது படம் எடுத்திருக்கிறது, அத்தனையும் என் வலது ஷூ. "அப்பா, லேஸ் நல்லா ஃபோகஸ் ஆயிருக்குதுங்க" என்கிறாள் தேஜஸ்ரீ.

நான் முப்பது வருடம் பனியன் கம்பெனியில் க்யூசி என்று தரம் பார்த்தவன். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் பண்டலோடு திருப்பி அனுப்பியவன். சாம்பிளை ஓகே பண்ணிக் கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு என்பது நம் தொழிலில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்த மடையன் இதற்குக் கையெழுத்துப் போட்டான்? என் காலமாக இருந்தால் அவனை அன்றைக்கே கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். பட்டையை இத்துடன் ரிஜெக்ட் செய்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கறி விருந்தில், எல்லார் முன்னாலும், "என்ற தப்புதானுங்க மாமா" என்று நீ சொன்ன பிறகுதான் உனக்கு இலை விழும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். ஆசியில் உன் பங்கை மட்டும் ஞாயிறு வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன்

பின்குறிப்பு: பார்சல் கட்டும்போது பட்டையின் உள்பக்கம் ஒரு சாம்பிள் அட்டை தொங்குவதை உன் அக்காள் பார்த்துவிட்டாள். "சாம்பிள் ஓகே. துணி இன்னும் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கட்டும்" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. நீ சாம்பிள் காட்டிய அன்றைக்குக் கேமராவை மாட்டாமல் பட்டையை மட்டும் மாட்டிக் கண்ணாடியில் பார்த்த ஞாபகம். கடிதத்தைக் கிழிக்கவும் அவள் விடவில்லை. அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, அதைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள் சாமி. முதல் இலை உனக்குத்தான்.